கன்னிமூலை மண்

என் உடல் எடை மனித குலத்துக்கு உபயோகப்பட்டது ஒரே ஒரு நாள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீட்டுச் சந்துக்குள் நானும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே வந்துவிட்டால், சைக்கிள்காரர் இறங்கிப் பின்னால் உருட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அப்படி ஒரு உடம்பு. சந்தை அகலப்படுத்த வேண்டும் என்று யாரோ நகரசபைக்கு மனுக் கொடுத்ததாகவும், அதில் காரணம் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததாகவும் சித்தப்பா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அதே நகரசபையில்தான் அப்பாவுக்குத் துப்புரவு மேஸ்திரி வேலை. ஊர்க் குப்பையைப் பாதி ஆயுள் அள்ளிய பிறகு, தோப்பும்படிக்கும் தெற்கே பஸ் இறங்கி நடக்கிற தூரத்தில், ஒரு உப்புநீர்க் கால்வாயின் ஓரமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார். இரண்டு அறை, ஒரு அடுக்களை, இன்னும் வாங்காத பசுவுக்கு ஒரு தொழுவம். இதற்கு 'ஃபார்ம் ஹவுஸ்' என்று பெயர் வைத்தது சித்தப்பா. நான் அதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, குதிரை உண்டா என்று கேட்டவனிடம் உண்டு என்று சொல்லிவிட்டு, ஒரு வருடம் அந்தக் குதிரையைப் பராமரிக்க வேண்டியதாயிற்று.

வீடு எழும்பி முடிந்ததும் சுற்றுப்புறத்து மண்ணைச் சமப்படுத்துகிற வேலை வந்தது. அப்பா பிறந்ததே மட்டாஞ்சேரியில். கடல் பொங்கிக் கால்வாய் ஏறுவதும், சாக்கடை வழியாக உப்புநீர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பதும் அவர் அறியாத விஷயங்கள் இல்லை. ஆனால் அதெல்லாம் வாடகை வீட்டுச் சமாச்சாரம். சொந்த மண் என்று ஒன்று வந்தவுடன் அவருக்குச் சங்கரன்கோவிலில் இருக்கும் என் மாமாவிடம் கேட்கத் தோன்றியது. மாமா ஊரில் மழை என்பது கல்யாணத்துக்கு வருகிற தூரத்து உறவு மாதிரி. வந்தால் சந்தோஷம், போய்விடும் என்பது நிச்சயம்.

மாமா போனிலேயே மனை பார்த்தார். "தென்மேற்கு கன்னிமூலை. அங்கதான் மண்ணு உசரமா நிக்கணும். வடகிழக்கு ஈசானியம், அது தாழ்ந்து கெடக்கணும். மழத்தண்ணி அந்த வழியா இறங்கிப் போச்சுன்னா வீட்டுப் பீடையும் கூடவே போயிரும் மாப்ள."

எங்கள் நிலமோ தலைகீழாகப் படுத்திருந்தது. கன்னிமூலை பள்ளம். வடகிழக்கில் கால்வாயை ஒட்டி என் மார்பளவுக்கு ஒரு பழைய மண்கரை. லாரியில் வந்த செம்மண் பள்ளத்துக்குப் போதவில்லை. அப்பா கரையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். ஒன்றை வெட்டி இன்னொன்றில் போட்டால் இரண்டு தோஷமும் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

சித்தப்பா ஆலுவாப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் கெஞ்சி வாங்கி, பின்னால் மண் தள்ளுகிற பிளேடை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கலூரில் பஸ்காரர்கள் அவரைத் திட்டத் தொடங்கி, தோப்பும்படிப் பாலத்தில்தான் முடித்தார்களாம். எங்கள் நிலத்துக்குப் போகிற குறுகலான ஒழுங்கைக்குள் அந்தச் சிவப்பு வண்டி திரும்பியபோது, குதிரைக் கடனை அடைக்க ஒரு வழி பிறந்தது என்று எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

செம்மண் சொன்னபடி கேட்டது. டிராக்டர் முன்னும் பின்னும் போய்வர, வீட்டைச் சுற்றி அது சேலை விரித்த மாதிரி படிந்தது. மண்கரைதான் படியவில்லை. வருடா வருடம் சேறு அப்பி அப்பி இறுகின கரை. உள்ளே வேர். பிளேடு அதன் முதுகில் வழுக்கிக்கொண்டே போயிற்று. பாரத்துக்கு ஒரு மணல் மூட்டையைப் பிளேடின் மேல் வைத்தார்கள். மூட்டை கிழிந்தது. அப்போது சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எடை பார்க்கிற மிஷினில் ஏறும்போதெல்லாம் அந்தப் பார்வை இன்றும் எனக்கு ஞாபகம் வரும்.

"அண்ணே, இவன ஏத்துவோம்."

"பிள்ளைய எதுக்குப் பெத்து வச்சிருக்கேன், மண்ணு தள்ளவா?" என்றாள் அம்மா.

"மதினி, இத்தன வருஷம் போட்ட சோறு வீணாப் போகலன்னு தெரிய வேண்டாமா?"

பிளேடின் சட்டத்தோடு சேர்த்து இடுப்பில் கயிறு கட்டி என்னை ஏற்றினார்கள். நான் உட்கார்ந்ததும் பிளேடு கரைக்குள் இறங்கியது. மூட்டையால் ஆகாதது என்னால் ஆயிற்று. கறுப்பு மண் சுருண்டு சுருண்டு வந்தது. கரைக்குள் குடியிருந்த நண்டுகள் வளை உடைந்து நாலாபக்கமும் ஓடின. வெற்றி பெற்ற ராஜாவாக நான் அவற்றைப் பார்த்துக் கையசைத்தேன்.

எங்களுக்கு வடக்கே, எங்களைவிடத் தாழ்வாக ஒரு வீடு. அதில் ஒரு சேட்டனும் சேச்சியும் மட்டும். சேட்டன் கள்ளிறக்கும் வேலை செய்தவர். தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் பல வருடமாகப் படுக்கையில் இருந்தார். ஜன்னலோரம் தாழ்வான ஒரு கயிற்றுக் கட்டில். அங்கிருந்தபடியே ஒழுங்கையில் போகிற வருகிறவர்களைக் கிண்டல் பண்ணுவார். என்னைத் தூரத்தில் கண்டாலே, "லாரி வருந்நுண்டே, வழி மாறிக்கோ" என்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். சேச்சி விடிவதற்கு முன்பே தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போய்விடுவாள்.

அன்று அவர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். "அண்ணாச்சீ, ஆ சிற எந்தினா வெட்டணது?" சிற என்று அவர்கள் சொல்வது அந்த மண்கரையை.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகப் போய் ஜன்னலருகே நின்றார். "சரிவுக்குத்தான் சேட்டா. மழ வெள்ளம் பூராவும் இந்த வழியா இறங்கிப் போயிரும். ஒரு துள்ளி நிக்காது."

"போகும் அண்ணாச்சீ, போகும்." சேட்டன் சிரித்தார். "போயது போலெ வருகயும் செய்யும். விருச்சிகம் ஆவட்டெ."

அவர் சிரித்ததால் அப்பாவும் சிரித்தார். கார்த்திகை மாதத்தைத்தான் அங்கே விருச்சிகம் என்பார்கள். அந்த மாதம் விடியற்காலையில் கடல் பொங்கிக் கால்வாய் ஏறும்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த சேச்சி சிரிக்கவில்லை. கரை இருந்த இடத்தில் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். "இது நம்மள் எல்லாரும் கூடிப் பிடிச்ச சிறயாணு, அண்ணாச்சீ" என்றாள்.

"எடம் என்னோடதுதானே சேச்சி" என்று அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் தணிந்தார். "விருச்சிகத்துக்கு முன்னாடி கருங்கல் கட்டித் தந்துர்றேன். என் வாக்கு."

அந்த வாக்கை அவர் மனதாரத்தான் கொடுத்தார். கல்லுக்கும் சொல்லி வைத்தார். மழை முடிகிறவரை குவாரி மூடிக் கிடந்தது. பிறகு லாரி வரவில்லை. பிறகு அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். மலைக்குப் போய்வந்து கட்டிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அதற்குள் நாங்கள் புது வீட்டுக்குக் குடி வந்துவிட்டோம்.

அந்த வருடம் எனக்கும் மாலை. முதல் முறை போகிற கன்னிசாமி நான். மாலை போட்டவனை அடிக்கக் கூடாது, பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, சாமி என்றுதான் சொல்ல வேண்டும். "சாமி, ஒழுங்கா எந்திரிச்சுப் பல்ல வெளக்குங்க சாமி" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதைக் கேட்கக் காது குளிர்ந்தது. விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்று அப்பா இருந்தார். அந்த ஒருவேளை எது என்று நான் இன்னும் முடிவு செய்யாததால் எல்லா வேளையும் சாப்பிட்டேன்.

தினமும் விடியும் நேரத்தில் அப்பா குளித்துவிட்டு, டேப்பில் ஐயப்பன் பாட்டைச் சத்தமாக வைப்பார். அப்படி ஒரு காலையில் நான் பல் விளக்க வெளியே வந்தால், முற்றத்தைக் காணோம். வடகிழக்கு முழுக்கத் தண்ணீர். மெல்லிய வெளிச்சத்தில் அது மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் படிக்கட்டுக்கு நாலடி முன்னால், கோடு போட்டு நிறுத்தியது போல நின்றுவிட்டது.

அப்பா வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அவர் முகம் சரியில்லை. பிறகு சுற்றிலும் நடந்து பார்த்தார். தொழுவம் காய்ந்திருந்தது. அடுக்களைப் பின்பக்கம் காய்ந்திருந்தது. கன்னிமூலை மண்ணைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். தூசி பறந்தது.

"பாத்தீங்களா சாமி" என்றார் என்னிடம். "ஒரு சொட்டு ஏறல."

நான் அதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கித் துண்டால் மீன் கோரிக்கொண்டிருந்தேன். கையகலத்துக்குப் பள்ளத்தி மீன்கள் எங்கள் வாசலுக்கே வந்திருந்தன. விரதத்தில் மீன் பிடிக்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம், பிடிக்கக் கூடாது என்றார். அவ்வளவு சந்தோஷமாக அப்பா எனக்குப் பதில் சொன்னது அதற்கு முன்னால் எனக்கு நினைவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மூவரும் எங்கள் சரிவை நின்று ரசித்தோம்.

பாட்டு முடிந்து டேப் 'டக்'கென்று நின்றது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அண்ணாச்சீ... அண்ணாச்சீ..."

அதில் கூச்சல் இல்லை. வெகுநேரம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் பழக்கத்தில் மட்டும் வந்துகொண்டிருக்கிற குரல். அப்பா ஓடினார். கறுப்பு வேட்டி தண்ணீரில் குடை மாதிரி விரிய அவர் ஓடியதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன்.

எங்கள் வீட்டில் ஏறாத தண்ணீர் எல்லாம் அங்கே இருந்தது. வாசலில் சேச்சியின் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அவள் போன பிறகுதான் தண்ணீர் வந்திருக்கிறது. கயிற்றுக் கட்டில் முழுகிவிட்டது. சேட்டன் ஜன்னல் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துத் தலையை மட்டும் மேலே வைத்திருந்தார். அப்பா அவரைத் தூக்கப் பார்த்தபோது கை வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

முதுகில் சுமந்து கொண்டுவந்து எங்கள் கட்டிலில் கிடத்தினார். அம்மா துடைத்துவிட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தாள். பல் டம்ளரில் அடித்துக்கொண்டது. கொஞ்சம் சூடு ஏறியதும் சேட்டன் தலையைத் திருப்பி எங்கள் புதுத் தரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார்.

"நன்னாயி அண்ணாச்சீ. இவிடெ ஒரு துள்ளி இல்லல்லோ."

சேட்டன் பேசினால் சிரிக்க வேண்டும் என்பது எனக்கு வழக்கம். சத்தமாகச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்காததால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

தண்ணீர் இறங்கியதும் அந்த ஒழுங்கைக்காரர்கள் எல்லோரும், யாரும் கூப்பிடாமலே, கூடையோடு வந்தார்கள். கால்வாயில் இறங்கிச் சேற்றை வெட்டி, வரிசையாக நின்று கைமாற்றிக் கரையைத் திரும்பப் பிடித்தார்கள். தகவல் கேட்டு அடுத்த பஸ்ஸிலேயே சித்தப்பாவும் வந்து சேர்ந்தார். ஈரத்தில் டிராக்டர் இறங்காது, இறங்கினாலும் அதைக் கொண்டுவர அவருக்கு முகம் இல்லை. அப்பாவும் வரிசையில் நின்றார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கூடை மற்றவர் கைக்குப் போவது போலவே அவர் கைக்கும் வந்து போயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது, அக்கம்பக்கம் சிநேகம் ஆகிவிட்டது என்று நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைப் போய்ப் படிக்கச் சொன்னாள்.

சேட்டனுக்கு அன்றே காய்ச்சல். பிறகு நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்பா தினமும் வேலை முடிந்து வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று விசாரிப்பார். உள்ளேயிருந்து கிண்டல் எதுவும் வரவில்லை. நான்கூட ஒருநாள் வேண்டுமென்றே ஜன்னலுக்கு முன்னால் இரண்டு தடவை நடந்து பார்த்தேன். லாரி என்று சொல்லவில்லை. நாங்கள் மலைக்கு இருமுடி கட்டுவதற்கு முன்பே ஒரு மத்தியானம் அவர் செத்துப்போனார்.

அவர்கள் வழக்கத்தில் இறந்தவரைச் சொந்த வீட்டு வளவிலேயே, தெற்குப் பக்கம் சிதை வைத்து எரிப்பார்கள். எங்கள் ஆட்களுக்குக் கேட்டாலே குலை நடுங்கும். சுடுகாடு என்பது ஊருக்கு வெளியே இருக்க வேண்டியது. ஆனால் அன்று அந்த வளவில் சிதை வைக்க இடம் இல்லை. உப்புநீர் ஊறிக் கால் வைத்த இடமெல்லாம் புதைந்தது. பொதுச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சிலர் சொன்னார்கள். சேச்சி ஒப்பவில்லை. அவர் இந்த மண்ணை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லியிருந்தாராம்.

"எவிடெ வைக்கும் சேச்சீ? சவிட்டியா தாழும்" என்று காலால் மண்ணை அமுக்கிக் காட்டினார் அவளுடைய தம்பி. பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களைப் பார்த்தார். "பாண்டிகள் வந்நு சிற வெட்டி..."

"நீ மிண்டாதிரி" என்றாள் சேச்சி. பேசாமல் இரு என்று அர்த்தம்.

பாண்டி என்று தமிழர்களைச் சொல்வது வசவு. பள்ளிக்கூடத்தில் அதற்காக நான் இரண்டு பேர் மேல் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஆளை அப்பா சும்மா விடமாட்டார் என்று எதிர்பார்த்தேன். அப்பா திரும்பி வீட்டுக்குள் போனார். சாமி படத்துக்கு முன்னால் நின்று கழுத்து மாலையைக் கழற்றிப் படத்தில் மாட்டினார். சாவுத் தீட்டில் மாலை கூடாது. என்னைக் கூப்பிட்டு என் மாலையையும் கழற்றினார். சண்டைக்குத்தான் தயாராகிறார் என்று நினைத்த நான், அவர் மண்வெட்டியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு கன்னிமூலைக்குப் போனதும் குழம்பிப்போனேன்.

அங்கே அவர் வெட்டத் தொடங்கினார். மேல் மண்ணை ஒதுக்கி, உள்ளே பொரிபொரியென்று காய்ந்து கிடந்த செம்மண்ணை அள்ளிக் கூடையில் போட்டார்.

அம்மா ஓடிவந்தாள். "என்ன செய்யிறீங்க? குடி வந்து ஆறு மாசம் ஆகல. மனை மண்ணப் போயிப் பொணத்துக்கா எடுத்துக் குடுப்பாங்க?"

"வழிய விடு."

"எங்க அண்ணன் கேட்டா என்ன சொல்றது?"

"வழிய விடுன்னேன்ல."

கூடை கூடையாகத் தலையில் சுமந்து சேச்சியின் தெற்குப் பக்கத்தில் கொட்டினார். சித்தப்பா ஒரு பலகையால் அதை இழுத்துச் சமன் செய்தார். முதலில் விழுந்த மண்ணைச் சேறு விழுங்கியது. பிறகு வந்தது நின்றது. ஒரு ஆள் நீளத்துக்கு மேடு எழும்பத் தொடங்கியபோது, சேச்சியின் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, அப்பா முகத்தைப் பார்க்காமல், ஒரு கூடையைத் தூக்கினார்.

எங்கள் கன்னிமூலை மண்ணின் மேல்தான் சேட்டன் எரிந்தார். அம்மா அந்தப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் சாத்தினாள். சபரிமலை அரவணைப் பாயசம் இந்த வருடம் கிடையாது என்ற துக்கத்தில் நான் இருந்தேன்.

காரியம் எல்லாம் முடிந்தது. உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். அப்பா மட்டும் நிறுத்தவில்லை. லீவு நாளில் விடிந்ததும் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். எங்கள் பக்கத்தை வெட்டிச் சேச்சியின் வளவில் கொட்டுவார். மேட்டைச் சுற்றி, பிறகு வாசல், பிறகு கிணற்றடி. சேச்சி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் கன்னிமூலையில் நான் இறங்கி நின்றால் தலை மட்டும் தெரிகிற அளவுக்குக் குழி விழுந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அதில் தவளை விட்டேன்.

"போதும்ணே" என்றார் சித்தப்பா ஒருநாள். "எவ்வளவுதான் அள்ளுவீங்க?"

அப்பா மண்ணைத் தட்டிக்கொண்டே, "படுத்தே கெடக்குறவங்களுக்குச் சளி எப்படியும் வந்திருக்கும்ல?" என்று கேட்டார்.

"வந்திருக்கும்ணே. டாக்டரே சொன்னாருல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொரு தடவை கேட்டார். சித்தப்பா அதே பதிலை அதே மாதிரி சொன்னார். டாக்டர் சொன்னதை ஒரு தடவை கேட்டால் மறந்துவிடுகிற அளவுக்கு அப்பாவுக்கு வயதாகிவிட்டதா என்று நான் கவலைப்பட்டேன்.

மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம். சேச்சி ஷெட்டிலிருந்து வந்தாள். இறால் நாற்றம் அவளுக்கு முன்னால் வந்தது. பையை வாசலில் வைத்துவிட்டு அப்பா வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்தாள். அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடித்தாள். அப்பா விடவில்லை. அவளும் விடவில்லை. இரண்டு பெரியவர்கள் ஒரு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு அப்பா விட்டார்.

"போய்க் குளிச்சிட்டு வா அண்ணாச்சீ" என்றாள். "சாயா இடாம்."

மண்வெட்டியைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். அப்பா வெறும் கையோடு குழிக்குள் நின்றார். வெகுநேரம் கழித்து ஏறிவந்து, குழாயடியில் உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு ஈரத் தலையோடு போய்ச் சேச்சியின் வாசலில் நின்றபடியே சாயாவைக் குடித்தார்.

மறுநாளும் மண்வெட்டி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அம்மா வாழைக்கன்று நடுவதற்குத் துருப்பிடித்த ஒரு கரண்டியால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் போயி நம்ம மம்பட்டிய வாங்கிட்டு வரட்டா?" என்றேன்.

"வேண்டாம். அது அங்கயே இருக்கட்டும்."

நகரசபையில் அத்தனை பேரை மேய்க்கிற மனிதர். இறால் உரிக்கிற ஒரு சேச்சியிடம் நம்முடைய மண்வெட்டியைத் திருப்பிக் கேட்க இவருக்கு இவ்வளவு பயமா என்று எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.